குழாயில் வந்த பானக்காரம்

முருகன் துணை

ஆஹென், மேற்கு ஜெர்மனி,
20-7-1974

நம் ஊர் மதுவிலக்குச் சபையின் தலைவரும் என் கூடப்பிறந்தவருமான நடேச அண்ணாச்சி அவர்களுக்கு, தங்கை நாகலட்சுமி கைகூப்பி எழுதிக்கொண்டது.

வைகாசி விசாகத்தன்று எங்கள் வீட்டு நிலவறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஆளை மாற்றிச் சொன்னாள் என்று ஒரு பேச்சு வரக்கூடாது. முதலாவது, முருகன், அம்மா எனக்குக் கொடுத்த வெள்ளி வேலாக, ஒரு பழப்பெட்டியின் மேல், பட்டுத் துண்டில். இரண்டாவது, நான். மூன்றாவது, உங்கள் மச்சான். நான்காவது, மாடி வீட்டு கிரேமர்; நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜெர்மன்காரர். ஐந்தாவது, இங்கே பல்கலைக்கழகத்தில் ரசாயன ஆராய்ச்சி செய்கிற ஸ்ரீரங்கத்துப் பெண் வைதேகி. ஆறாவது, லண்டனில் மகனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் தங்கி, மூன்று வேளையும் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட உங்கள் சிநேகிதர் பார்த்தசாரதி அவர்கள். ஏழாவதாக ஒருவரும் இல்லை. பீரும் இல்லை.

இங்கே நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகும் சுகமாகவே இருக்கிறோம். கோபம் வந்தால் உங்களுக்குப் பித்தம் ஏறும் என்பதால் மதினியைச் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுக்கச் சொல்லவும்.

"பீர்க் குழாய் வைத்திருப்பவள் வீடு கள்ளுக்கடை. குடித்தவர் வீட்டில் அம்மாவின் வேல் இருக்கக் கூடாது. உடனே பதிவுத் தபாலில் அனுப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டேன். அம்மா அதை என் கையில் கொடுத்தபோது நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். ஜெர்மனிக்குப் போகிறாள், துணைக்கு இருக்கட்டும் என்றுதான் அம்மா சொன்னாளே தவிர, நடேசன் கேட்டால் திருப்பிக் கொடு என்று சொல்லவில்லை.

பீர்க் குழாய்ப் பெட்டி செய்தது உண்மை. செய்தது நான்தான் என்பதும் உண்மை. மச்சானை ஏன் இழுக்கிறீர்கள்? அவர் பாவம், படம் மட்டும்தான் போட்டார். ஆதியிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். போன வருஷம் கிரேமர் இவருக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சச் சொல்லிக்கொடுத்தார். முளைகட்டிய பார்லியை வேகவைத்து, ஒரு கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு ஈஸ்ட் தூவி மூடிவைத்தால் பொங்கும். நம் தோசை மாவு பொங்குகிற சங்கதிதான். இதற்குப் போய் இவர்கள் தெர்மாமீட்டரோடு காவல் இருக்கிறார்கள். தெருவுக்கு நாலு கடையில் பீர் விற்கிற ஊரில் இது எதற்கு என்று கேட்டேன். "கடையில வாங்கினா அது குடி, நாகு. வீட்டுல செஞ்சா ரிசர்ச்" என்றார். அன்று ராத்திரி என் கணக்குப் புத்தகத்தில் அரிசி, பால், வாடகைக்குக் கீழே 'இவர் கிறுக்கு' என்று ஒரு தலைப்பைப் புதிதாகச் சேர்த்தேன். அந்த ரிசர்ச்சைப் பாட்டில்களில் அடைத்து, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார், அங்கேதான் இருட்டாக இருக்கிறதாம், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. தை வெள்ளிக்கிழமை நான் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறேன், டமார் என்று ஒரு பாட்டில், அது கொடுத்த தைரியத்தில் இன்னொன்று, அப்புறம் தீபாவளிதான். கண்ணைத் திறந்தால் வேல் நுரை சொட்டச் சொட்ட நிற்கிறது. பாலாபிஷேகம் பார்த்த வேல் அண்ணாச்சி அது! இவர் ஓடி வந்தார். என்னையும் பார்க்கவில்லை, வேலையும் பார்க்கவில்லை. உடைந்த பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "சர்க்கரை ஒரு கரண்டி கூடிப்போச்சு" என்கிறார்.

நிறுத்துங்கள் என்றால் நிறுத்துகிற ஆளா? நிறுத்தினால் வெளியே போய்க் குடிப்பார், எந்தக் கடையில் என்று நான் இந்தக் குளிரில் தேடிக்கொண்டு அலைய வேண்டும். அதனால் நான் ஒரு முடிவு செய்தேன். பீரை ஒரே இரும்புப் பீப்பாயில் அடைப்பது, பீப்பாயைத் தனியாக ஒரு பிரிட்ஜில் அடைப்பது, பிரிட்ஜை நிலவறையில் அடைத்துப் பூட்டுவது, சாவியை என் இடுப்பில் செருகிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர், குழாயைத் திறந்து நானே பிடித்துக் கொடுப்பேன், அதோடு சரி. முட்டுகிற மாட்டைக் கட்டிப் போட்டவளைப் பார்த்து மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறாள் என்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

இவர் அதற்குப் படம் போடத் தொடங்கினார். போட்டார், போட்டார், பங்குனி வரைக்கும் போட்டார். இங்கே வேண்டாத சாமான்களை வாசலில் எடுத்து வைக்க ஒரு நாள் உண்டு. நகராட்சி லாரி வருவதற்குள் யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொள்ளலாம். நானும் கிரேமரும் அவர் பேத்தியின் பழைய தள்ளுவண்டியில் ஒரு பிரிட்ஜைப் படுக்கவைத்துத் துணி போர்த்தித் தள்ளிக்கொண்டு வந்தோம். வழியில் ஒரு அம்மாள் ஆசையாகக் குனிந்து பிள்ளை முகம் பார்த்தாள். பார்த்தவள் என்னையும் ஒரு தரம் பார்த்தாள். கிரேமரின் டிரில்லை வாங்கிப் பக்கவாட்டில் ஓட்டை போட்டேன். புஸ்ஸென்று காற்று வந்தது. இவர் கையிலிருந்த படத்தைப் பார்த்து நிதானமாக, "அதான் கூலிங் கேஸ். அந்தப் பக்கம் பைப் ஓடுது" என்றார். படத்தில் அந்தப் பைப் சிவப்பு மையில் இருந்தது. துளை போடுமுன் சொல்லக் கூடாதா என்றேன். "நீ கேக்கலையேளா" என்கிறார். அடுத்த மாதம் இன்னொரு பிரிட்ஜ், அதே தள்ளுவண்டி. இந்தத் தடவை கதவில் போட்டேன், கதவில் பைப் ஓடாது. மூடிக் கிடந்த ஒரு மதுக்கடையிலிருந்து கிரேமர் பித்தளைக் குழாய் வாங்கி வந்தார். புளி போட்டுத் துலக்கி மாட்டினேன். பீரைக் குழாய்க்குத் தள்ளுகிற காற்று சிலிண்டரைத் திருகிக் குழாயைத் திறந்தால் நுரை, வெறும் நுரை, டம்ளர் நிறைய நுரை. "பிரஷரைக் குறைங்க" என்கிறேன். "குறைச்சாச்சு, இதுக்கு மேல பிசிக்ஸ் இடம் கொடுக்காது" என்கிறார். திருச்செந்தூரில் விசாகத்துக் கூட்டத்தை நேரே விட்டால் சன்னதியை இடித்துவிடும். கம்பித் தடுப்புக்குள் சுற்றிச் சுற்றி விட்டால் அதே கூட்டம் களைத்துப்போய் அடங்கி வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறதல்லவா? அதைப்போலக் குட்டையாக இருந்த உள்குழாயைக் கழற்றி, நீளமான ஒன்றைப் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி விட்டேன். பொன்னிறமாக, விரல்கடை நுரையோடு அடங்கி வந்தது. கிரேமர் தொப்பியைக் கழற்றினார். இவர் படங்களைக் கிழித்துப் போட்டார். நான் மோந்துகூடப் பார்க்கவில்லை. பிறந்தது முதல் இன்று வரை என் நாக்கில் அந்தச் சங்கதி ஒரு சொட்டுப் பட்டதில்லை. இதை உங்கள் சபையில் எழுந்து நின்று படித்துக் காட்டலாம்.

இனி விசாகம். அன்று திங்கட்கிழமை, இவர்களுக்கும் ஏதோ பண்டிகை, விடுமுறை. வெயிலும் நம் ஊர் வெயிலாக அடித்தது. நீங்கள் பார்த்தசாரதி அவர்களிடம் கொடுத்தனுப்பிய உருண்டை வெல்லமும் புளியும் சுக்கும் சனிக்கிழமையே வந்துவிட்டன. செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்குப் பந்தல் போட்டுப் பானக்காரம் ஊற்றுவோமே, அதைப்போல இங்கேயும் படைத்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பீப்பாய் அப்போது காலி. அதைக் கொதிக்கிற தண்ணீரில் மூன்று தரம், புளித் தண்ணீரில் ஒரு தரம், விபூதி போட்டு ஒரு தரம் கழுவினேன். உள்குழாயையும் புதிதாக மாற்றினேன். மூடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, வெந்நீர் பட்டால் இற்றுவிடும் என்று அதை மட்டும் மஞ்சள் தண்ணீரில் அலசி, விபூதி பூசி, முருகனை நினைத்துக் கண்ணில் ஒற்றி மாட்டினேன். கோயில் பாத்திரத்தைக்கூட ஒருவரும் இப்படித் துலக்கியிருக்க மாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலமே பானக்காரத்தைக் கலந்து பீப்பாயில் ஊற்றி, வெல்லம் நன்றாகக் கரையட்டும் என்று வெந்நீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பாக வைத்திருந்து, திங்கட்கிழமை காலையில்தான் பிரிட்ஜுக்குள் ஏற்றினேன். மேலே புழுக்கம் தாங்கவில்லை, பூஜையையும் நிலவறைக்கே இறக்கினேன். குழாயில் பிரசாதமா என்று கேட்கிறீர்கள். அண்டாவில் வைத்தால் ஆளாளுக்கு டம்ளரை விட்டு மொள்ளுவார்கள், எச்சில் படும். குழாயில் படுமா? யாருடையது மடி?

முதல் டம்ளர் வேலுக்கு முன்னால் வைத்தேன். பிறகுதான் மற்றவர்களுக்கு. நன்றாகப் பொங்கி வந்தது. காற்று சிலிண்டர் வேலை செய்கிறது என்று இவர் பெருமைப்பட்டார். "அக்கா, லேசா சுர்ருங்கறதே?" என்றாள் வைதேகி. "சுக்குடி அது" என்றேன். கிரேமர் ஒரு மடக்குக் குடித்து, டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஃப்ராவ் சிதம்பரம், இதில் பீர் இல்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?" என்று அவர் பாஷையில் கேட்டார் (ஃப்ராவ் என்றால் திருமதி). சாமிக்குப் படைத்தது, பேசாமல் குடியுங்கள் என்றேன். பேசாமல் ஐந்து டம்ளர் குடித்தார். உங்கள் பார்த்தசாரதி அவர்களோ, "தாயி, இது பானக்காரமில்லை, அமிர்தம். இன்னொண்ணு ஊத்து" என்று டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. பாட்டில் வைக்கிற மரப்பெட்டியைத் தோளில் ஏற்றி, காவடி என்று சொல்லி, பிரிட்ஜைச் சுற்றிச் சுற்றி ஆடியவர் அவர்தான். பின்னாலேயே கிரேமர், ஏதோ சுரங்கத்துப் பாட்டோடு. ஆடினதை உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். நான் என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை மட்டும் மறக்காமல் சொல்லியிருக்கிறார். கூப்பிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தரம். "சிதம்பரம், நீங்க படம் போடுறதை விட்டுட்டு அந்தாளு கூட ஆடுங்க" என்றேன். இவர் திகைத்துப்போய் நின்று, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். பக்தி முற்றினால் அப்படித்தான், நாக்கு தளர்ந்துபோகும், அதில் ஒரு குற்றமும் இல்லை.

நீங்கள் எழுதியதை நீங்களே ஒரு தரம் திருப்பிப் படியுங்கள். முதல் பக்கத்தில் என்ன எழுதினீர்கள்? பார்த்தசாரதி பிளாஸ்கில் கொண்டுவந்த விசாகப் பிரசாதத்தைத் திறந்ததும் புஸ்ஸென்று சீறி உத்தரம் வரைக்கும் பொங்கியது, குளித்துவிட்டு வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் குடித்தேன், மதினிக்கும் சபைக் காரியதரிசிக்கும் கொடுத்தேன், ஒரு சொட்டு வீணாக்கவில்லை, இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது, முருகன் அருள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் பார்த்தசாரதி குழாய் என்று ஒரு வார்த்தை சொன்னதும் அடுத்த பக்கத்தில் கள்ளுக்கடை. அதே பானக்காரம் முதல் பக்கத்தில் அருள், அடுத்த பக்கத்தில் கள்ளா?

அன்றைய பானக்காரத்தில் ஒரு பாட்டில் மிச்சம் வைத்திருந்தேன். வைதேகியிடம் கொடுத்து, அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் சோதித்து எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். இன்று சாயங்காலம் வருகிறாள். அந்தத் தாளையும் உள்ளே வைத்து அனுப்புவதற்காக இந்தக் கவரை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். அதில் சாராயம் கடுகளவு இருந்தாலும், அம்மா மேல் ஆணை, அந்த வேல் அடுத்த தபாலிலேயே உங்களுக்கு வரும். இல்லையென்று வந்தால் நீங்கள் சபையைக் கூட்டி, என் தங்கை உத்தமி என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். பார்த்தசாரதி அவர்களும் வந்து நிற்க வேண்டும், அந்த மரப்பெட்டி இல்லாமல்.

மதினிக்கு என் அன்பு. உங்கள் இடுப்புக்கும் கோபத்துக்கும் செந்தூரான் காவல் இருக்கட்டும். 

இப்படிக்கு,
அம்மா பெற்ற பெண்,
நாகலட்சுமி

பின்குறிப்பு: வைதேகி வந்துவிட்டுப் போனாள். வந்ததும், "அக்கா, மொதல்ல உக்காருங்கோ" என்றாள். உட்கார்ந்தேன். "கிரேமர் பீரைவிட இது ஸ்ட்ராங்" என்றாள். அத்தனை தரம் கழுவினேனேடி என்றேன். "அந்த ரப்பர் ரிங்கை வெந்நீர்ல போட்டேளா?" என்றாள். விபூதி போட்டேன் என்றேன். "விபூதிக்கு ஈஸ்ட் சாகாதுக்கா" என்றாள். வளையத்தின் இடுக்கில் ஒட்டியிருந்தது உங்கள் வெல்லத்தைத் தின்று, கொதிகலன் சூட்டில் இரண்டு நாள் கொழுத்திருக்கிறது. நான் அன்று குடித்தது ஆறு டம்ளர். கதவருகே நின்ற உங்கள் மச்சான், "அப்ப அது பக்தி இல்லையா, நாகு?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்ச் சிரிக்கிறார், எனக்குக் கேட்கிறது.

சொன்ன சொல் சொன்னதுதான். வேலை எடுத்துத் துடைத்து, பட்டில் சுற்றி, பெட்டியில் வைத்து, உங்கள் முகவரியை எழுதப் பேனாவைத் திறந்தேன். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். குடித்தவர் வீட்டில் வேல் இருக்கக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். பிளாஸ்கில் வந்தது வழியெல்லாம் இன்னும் ஏறியிருக்கும் என்று வைதேகி சொல்கிறாள். நீங்கள் இரண்டு டம்ளர், அதுவும் வெறும் வயிற்றில். மதினி, சபைக் காரியதரிசி, ஒரு சொட்டு வீணில்லை. பார்த்தசாரதி வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நமக்கெல்லாம் முன்னால் முதல் டம்ளரை வாங்கிக்கொண்ட முருகனும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே இதைக் குடிக்காத வீடு ஒன்று நம் சொந்தத்தில் இருந்தால் அந்த முகவரியை எழுதுங்கள், வேல் அங்கே வரும். அதுவரை அது இங்கேதான் இருக்கும். சீக்கிரம் பதில் போடவும்.