லிஃப்ட் அக்காவின் வீட்டுக்காரர்

"நல்ல கார்னா அதை எதுக்கு விக்கறாங்க?" என்று கேட்டார் ரிஜெக்ட் சார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற மனைவி பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"சரி, மோசமான கார்னா அதை நாம எதுக்கு வாங்கணும்?" என்று அடுத்த கேள்வியையும் அவரே போட்டார்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் உலகத்தில் எந்தக் காரும் நுழைய முடியாது. பிழைக்க வந்த நாட்டில் பழைய கார் ஒன்று வாங்குவது என்று அவர் தீர்மானித்து எவ்வளவோ நாளாகியும் வாசல் காலியாகவே கிடந்ததற்கு அதுதான் காரணம்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் வேலை பார்ப்பது பிஸ்கட் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில். பெல்ட்டில் வரிசையாக வரும் பிஸ்கட்டுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஓரம் உடைந்தது, நிறம் கறுத்தது, ஓட்டை கோணியது எல்லாவற்றையும் தூக்கிக் கூடையில் போடவேண்டும். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு 'ரிஜெக்ட் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். வீட்டுக்கு வந்த துணி துவைக்கும் இயந்திரத்தை 'சத்தம் சரியில்லை' என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியவர். நான்காவது இயந்திரத்தைக் கடைக்காரர் அனுப்பவே இல்லை, பணத்தைத்தான் அனுப்பினார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் சேரவேண்டும். விடிவதற்கு முன்பே ஷிப்ட் தொடங்கிவிடும், முதல் பஸ்ஸோ விடிந்த பிறகுதான் கொட்டாவி விட்டபடி கிளம்பும். நேரத்துக்கு வர முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக ஆஸ்பத்திரியில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். எத்தனையோ இடத்தில் ஏறி இறங்கிக் கிடைத்த வேலை அது.

"அந்த ஆஸ்பத்திரி கண் டாக்டரம்மா சொந்த ஊருக்கே திரும்பிப் போறாங்களாம். அதனாலதான் விக்கறாங்க. போய் ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடலாம்ங்க" என்றாள்.

"ஊரை விட்டே கிளம்பறாங்கன்னா இன்னும் சந்தேகமா இருக்கே. நாளைக்கு வண்டி நடுத்தெருவுல நின்னா யாரைப் போய்க் கேக்கறது?"

"பார்க்கறதுக்கு என்ன காசா கேக்கறாங்க?"

"வேணாம்னா வேணாம். கண் டாக்டருக்கு காரைப் பத்தி என்ன தெரியும்? நான் பார்த்துக்கறேன், நீ விடு."

மனைவி விட்டுவிட்டாள். மாட்டிய செருப்பை மட்டும் கழற்றவில்லை. கடைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பியவள், பொழுது சாயும் நேரத்தில் ஒரு பாக்கெட் பாலோடு திரும்பி வந்தாள். அவள் கையிலும் தனியாகக் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. அதை அவர் தொடவே மாட்டார். தொடாத அந்தப் பெருந்தன்மையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரே எடுத்துச் சொல்வார்.

வேலைக்குச் சேரவேண்டிய நாள் வந்தது, கார் வரவில்லை. ரிஜெக்ட் சாருக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் மனைவி நிதானமாகத் தலை வாரிக்கொண்டாள்.

"கூட வேலை பார்க்கற ஒரு அக்கா இந்தப் பக்கமாத்தான் போறாங்க. தெரு முனையில நின்னா ஏத்திக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"தினமுமா?"

"தினமும்தான்."

அன்றிலிருந்து அந்தப் பெண்மணிக்கு அந்த வீட்டில் 'லிஃப்ட் அக்கா' என்று பெயர் விழுந்தது.

இனி அவசரம் இல்லை என்றதும் ரிஜெக்ட் சாரின் ஆராய்ச்சி முழு வேகத்தில் இறங்கியது. நம்ம ஆட்கள் இருக்கும் கைப்பேசிக் குழுவில், 'குறைந்த விலையில் நம்பகமான கார் எது?' என்று ஒரு கேள்வி போட்டார். யார் யார் எந்தக் கார் வைத்திருந்தார்களோ, அவரவர் காரே உலகத்தில் தலைசிறந்தது என்று பதில் வந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். ஒருவர் குழுவை விட்டே வெளியேறினார். அவர்தான் இவருக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தவர்.

அடுத்து மனைவியின் தம்பியைப் பிடித்தார். அவன் பக்கத்துத் தெருவில் குடியிருந்தான், ஏசி ரிப்பேர் வேலை. கார் பார்க்கப் போகலாம் என்று இவர் போய் நின்றபோது அவன் வீட்டு முற்றத்தில் ஒரு கார் தலையோடு கால் உறை போர்த்திக்கொண்டு நின்றது.

"இது யாருது மாப்ள?"

"தெரிஞ்சவங்களோடது மாமா. நிறுத்த இடம் இல்லேன்னு இங்க விட்டிருக்காங்க."

ரிஜெக்ட் சார் உறையின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். "காரை இப்படிச் சும்மா நிறுத்தி வெச்சா வீணாப் போயிடும்னு அவங்ககிட்ட சொல்லு. பேட்டரி போயிடும், டயர் சப்பையாப் போயிடும். ஓட்டத் தெரியாதவங்க எல்லாம் எதுக்குக் கார் வாங்கறாங்க?"

"சொல்லிடறேன் மாமா" என்றான் மச்சினன், பவ்யமாக.

இருவரும் சேர்ந்து ஊரில் உள்ள காரையெல்லாம் பார்த்தார்கள். ரிஜெக்ட் சார் பையில் ஒரு காந்தம், ஒரு டார்ச், துடைக்க ஒரு பழைய பனியன் துணி. காந்தத்தை உடம்பெல்லாம் ஒட்டிப் பார்ப்பார், ஒட்டாத இடத்தில் அடிபட்டுப் பூசியிருக்கிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒரு காரில் எங்குமே ஒட்டவில்லை. முழுக் காரும் அடிபட்டது என்று சொந்தக்காரரிடம் சண்டைக்குப் போனார். காந்தம்தான் செத்துப்போயிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அந்தக் கார் அதற்குள் கைமாறிவிட்டது.

இதற்கிடையில் லிஃப்ட் அக்காவின் கடன் அவர் மனசை அரிக்கத் தொடங்கியது. ரிஜெக்ட் சார் எதை வேண்டுமானாலும் தாங்குவார், பிறத்தியாருக்குக் கடமைப்பட்டிருப்பதை மட்டும் தாங்கமாட்டார். வாரா வாரம் பெட்ரோலுக்கென்று பணம் கொடுத்தனுப்பினார்.

"வாங்கினாங்களா?"

"முதல்ல வேணாம்னாங்க. நான்தான் கையில திணிச்சேன்."

"தங்கமான பொம்பளை" என்றார்.

பணம் மட்டும் கொடுத்தால் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று தோன்றியது. காருக்கு மிதியடி வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் சீட் உறை, நல்ல கறுப்பு நிறத்தில், அழுக்குத் தெரியாதது. அதற்கடுத்து கண்ணாடிக்குக் கீழே தொங்கவிடும் வாசனைப் பாட்டில். கொடுக்கக் கொடுக்கக் கடன் தீருவதற்குப் பதில் அக்காவின் மேல் மரியாதைதான் கூடிக்கொண்டே போனது. அக்காவின் வீட்டுக்காரர் மேல் எரிச்சல் கூடியது.

"அந்த அக்காவுக்கு வீட்டுக்காரர்னு ஒருத்தர் இருக்காரா இல்லையா?"

"இருக்காருங்க."

"இருட்டுல பொண்டாட்டியைத் தனியா கார் ஓட்ட விட்டுட்டு அந்த ஆள் என்ன பண்றான்?"

"தூங்குவாருங்க."

"தூங்குவானா? இதெல்லாம் ஒரு ஜென்மம். உனக்கு வாய்ச்ச மாதிரி எல்லாருக்கும் வாய்க்குமா?"

"வாய்க்காதுங்க" என்றாள் மனைவி, அடுப்பைத் துடைத்தபடி.

மழைக்காலத்தில் ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் நின்றவர் மேல் ஒரு கார் சேற்றுத் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. சட்டை, கால்சட்டை, சாப்பாட்டுப் பை எல்லாம் நாசம். வீட்டுக்கு வந்து அந்தக் காரோட்டியின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினார்.

"பாவம், கவனிச்சிருக்க மாட்டாங்க. கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கும்" என்று மனைவி சட்டையை வாங்கிக்கொண்டு போய் ஊறவைத்தாள். இந்தக் கரிசனம்தான் அவருக்குப் பிடிக்காது. முன்பின் தெரியாதவனுக்குப் பரிந்து பேசுகிற புத்தி.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தாலே வீட்டில் ஒரு சங்கடம் காத்திருக்கிறது என்று பொருள். லிஃப்ட் அக்காவையும் வீட்டுக்காரரையும் சாப்பிடக் கூப்பிடுவோம் என்றார். அந்த ஆளுக்கு நேரில் நாலு வார்த்தை புத்தி சொல்லவேண்டும் என்று ஆசை.

மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா எங்கயும் போய்ச் சாப்பிட மாட்டாங்களே" என்றாள்.

"அப்ப நாம போவோம்."

"அவங்க வீட்டுல பெயின்ட் அடிக்கறாங்க."

"அடிச்சு முடிச்ச அப்புறம் போவோம்."

பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த அளவுக்குப் பெயின்ட் அடித்தால் அரண்மனையே பளபளத்திருக்கும். தன்னைப் பற்றி மனைவி அங்கே குறைவாகச் சொல்லி வைத்திருக்கிறாளோ, கார் வாங்க வக்கில்லாதவன் என்று அவர்கள் நினைக்கிறார்களோ என்று ரிஜெக்ட் சாருக்குச் சந்தேகம் வந்தது. ரோஷமும் வந்தது. இந்த வாரமே கார் வாங்கியாகவேண்டும்.

ரோஷத்தோடு போனவருக்கு மேட்டுத் தெருவில் ஒரு கார் கிடைத்தது. காந்தம் புதிது, நன்றாக ஒட்டியது. டார்ச்சுக்கும் குறை அகப்படவில்லை. சொந்தக்காரர் காரைச் சரிவில் முகம் கீழாக நிறுத்தியிருந்தார். இவரை ஏற்றிக்கொண்டு பிரேக்கை விட்டதும் கார் தானாக உருண்டு, பாதித் தெருவில் உறுமிக் கிளம்பியது.

"எவ்வளவு ஸ்மூத்தா ஸ்டார்ட் ஆகுது பார்த்தியா?" என்றார் பின்சீட்டில் இருந்த மச்சினனிடம்.

"மாமா, சாவியைத் திருகவே இல்லையே அவரு."

"அதான் சொல்றேன். திருகாமலே ஸ்டார்ட் ஆகுது."

திரும்பி வந்தபோது சொந்தக்காரர் மேட்டில் ஏறி, அதே இடத்தில், அதே சரிவில்தான் நிறுத்தினார். நாளைக்கு முன்பணம் தருவதாக ரிஜெக்ட் சார் கை குலுக்கிவிட்டு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளுக்குத் தலையாட்டியிருக்கிறார். மச்சினன் தன் அக்காவுக்குப் போன் போட ஓடினான்.

அவர் வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி தயாராக நின்றாள்.

"ஏங்க, லிஃப்ட் அக்கா காரை விக்கறாங்களாம்."

ரிஜெக்ட் சாரின் மூக்கு வியர்த்தது. "நல்ல கார்னா எதுக்கு விக்கறாங்க?"

"அவங்க வீட்டுக்காரர் ஒருவழியா கார் வாங்கப்போறாராம். வீட்டுக்கு ரெண்டு கார் எதுக்குன்னு இதைக் கொடுக்கறாங்க."

"அந்தத் தூங்குமூஞ்சியா? அவன் வாங்கறது எந்த லட்சணத்துல இருக்குமோ" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்தி யோசித்தார். இத்தனை மாதமாகத் தினமும் விடியலில் மனைவியைக் கொண்டுபோய்ச் சேர்த்த கார். மழையிலும் நின்றதில்லை, பனியிலும் நின்றதில்லை. ஒரு நாளாவது அவள் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை. இதைவிட என்ன சோதனை வேண்டும்? மேட்டுத் தெரு காரை அந்த நிமிஷமே ரிஜெக்ட் செய்தார். அதில் அவருக்குக் கை பழகியதுதானே.

மனைவி மூலமாகவே பேரம் நடந்தது. அக்கா சொன்ன விலையில் ஒரு பைசா இறங்கவில்லை. "பிடிவாதக்காரி, ஆனா நியாயஸ்தி" என்று பணத்தைக் கவரில் போட்டு வைத்துக்கொண்டார்.

விடுமுறை நாளன்று மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்காவுக்கு உள்ளே டியூட்டியாம், சாவியை மட்டும் கொடுத்துவிட்டிருந்தார்களாம். வாகனம் நிறுத்துமிடத்தில், நல்ல வெயிலில், சிறிய நீல நிறக் கார் ஒன்று நின்றது. ரிஜெக்ட் சார் காந்தம் ஒட்டினார், டார்ச் அடித்தார். தரையில் பனியன் துணியை விரித்து மல்லாந்து படுத்து அடிவயிற்றைப் பார்த்தார். எழுந்து கதவைத் திறந்தார். அவர் வாங்கிக் கொடுத்த மிதியடி, அவர் வாங்கிக் கொடுத்த சீட் உறை, அவர் வாங்கிக் கொடுத்த வாசனை. மனசு குளிர்ந்துபோனது. மரியாதை தெரிந்த குடும்பம், கொடுத்ததை மூலையில் போடவில்லை.

ஓட்டிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் நிறுத்தினார். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அது அவருக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது. அதனால் ஹாரன் சத்தம் மெல்லிசு என்று ஒன்றைச் சொல்லி வைத்தார்.

"சரி, எடுத்துக்கலாம்ங்களா?" என்றாள் மனைவி.

"எடுத்துக்கலாமாவா? இதுதான்டி கார்." பணக் கவரை அவள் கையில் வைத்து அழுத்தினார். "அக்காகிட்ட கொடுத்துடு. நான் ரொம்ப மதிக்கறேன்னு சொல்லு. அந்த வீட்டுக்காரனுக்கு இப்படி ஒரு காரை விக்க எப்படித்தான் மனசு வந்ததோ, அறிவுகெட்டவன்."

மனைவி கவரைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சந்தோஷம் என்று அவர் எடுத்துக்கொண்டார், அது உண்மையும்தான்.

"பார்த்தியா, எதுக்கும் பொறுமை வேணும்" என்று காரின் மேல் சாய்ந்துகொண்டார். "உன் பேச்சைக் கேட்டு அன்னிக்கு அந்தக் கண் டாக்டர் காரை வாங்கியிருந்தா இன்னிக்கு நம்ம கதி என்ன ஆகியிருக்கும்? நினைச்சுப் பாரு."

மனைவி நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாகனம் நிறுத்துமிடத்துக் காவலாளி தொப்பியால் விசிறிக்கொண்டே அவர்களிடம் வந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"என்னம்மா, கண் டாக்டர்கிட்ட இந்தக் காரை வாங்கின நாள்லேர்ந்து மரத்தடியிலதானே விடுவீங்க, இன்னிக்கு எதுக்கு வெயில்ல போட்டிருக்கீங்க?"