நெல் இல்லாத வட்டைக்கு ஒரு விதானை

மட்டக்களப்பில் எத்தனையோ வட்டை விதானைமார் இருந்திருக்கிறார்கள். ஒரு நெல்மணிகூட விளையாத வட்டையை, வெள்ளைக் கோட்டோடு, ஒரு கையில் ஊசியும் மறு கையில் போனுமாக நிர்வகித்தவர் எங்கள் விதானையக்கா ஒருவர்தான்.

வயல் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். பலருடைய வயல்கள் சேர்ந்த நிலப்பரப்பு வட்டை. எந்த நாளில் விதைப்பது, யாருக்கு எப்போது தண்ணீர், மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று கூட்டம் போட்டு முடிவெடுத்து, மீறுகிறவர்களைப் பிடித்துக் கேட்பவர் விதானை. அக்காவின் அப்பா கரடியனாற்றுப் பக்கத்தில் அசல் விதானை. மகளுக்கு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கல்லடியில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதியில் எனக்கு எதிர் அறை.

அங்கே ஆறு பேர் இருந்தோம். போன புதிதில் மூன்று மாதம் பக்கத்து அறைக்காரியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அவரவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்வோம். பிறகுதான் அக்கா எங்கள் எல்லாருடைய போனிலும் ஒரு வயல் கேமை இறக்கினார். அதில் ஆறு பேரின் வயல்களை ஒன்றாக இணைக்கலாம். ஒருத்தியின் வாய்க்கால் தண்ணீர் அடுத்தவளின் வயலுக்குப் பாயும். ஒருத்தி வேலியை மூட மறந்தால் மாடு எல்லாருடைய பயிரையும் மேயும். கேம் செய்தவர்களுக்கு அது ஒரு சின்ன வசதி. அக்காவுக்கு அது வட்டை.

சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்குச் சாப்பாட்டு மேசையில் கூட்டம். கணினி படித்தவள், பட்டியல் போடுகிறவள் என்பதால் நான் செயலாளர். முதல் கூட்டத் தீர்மானங்கள் மூன்று: எல்லாரும் ஒரே நாளில் விதைக்க வேண்டும். தண்ணீரை முறைவைத்துத் திறக்க வேண்டும். மீறுகிறவர் அன்றைக்கு எல்லாருக்கும் பால் விடாத பிளேன்ரீ ஊற்ற வேண்டும்.

வங்கியில் வேலை பார்த்த ஓட்டமாவடி சிபானா இரண்டு நாள் முந்தி வெங்காயம் நட்டுவிட்டாள். விசாரணை நடந்தது.

"ஆரக் கேட்டுகா நட்ட?"

"கை பட்டுட்டு அக்கா."

"கை பட்டு நாப்பது பாத்தியா? உன்ட கை என்ன உழவு மிசினா?"

சிபானா பிளேன்ரீ ஊற்றினாள்.

ஒரு நாள் அலுவலகத்தில் முக்கியமான கூட்டத்தின் நடுவே அக்காவின் அழைப்பு. எடுக்காவிட்டால் விடமாட்டார். எடுத்தேன். குரல் மேசை முழுக்கக் கேட்டது.

"உன்ட வேலி திறந்து கிடக்கு புள்ள! வேளாண்மைக்குள்ள மாடு பூந்திட்டு!"

எங்கள் முகாமையாளர் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவர். முகம் மாறிவிட்டது.

"எந்த வட்டை தங்கச்சி?"

"கல்லடி, சேர்," என்றேன். வேறென்ன சொல்வது?

கல்லடியில் ஏது வயல் என்று யோசிக்கக்கூட அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. "பிறகென்ன பாத்துக்கொண்டு இருக்கிறீங்க? ஓடுங்க! மாடு பூந்தா மிஞ்சாது!" அரைநாள் விடுமுறை கிடைத்தது. மாட்டை விரட்ட எனக்கு நாலு விநாடிதான் தேவைப்பட்டது.

அப்படி ஒரு வருடம் போனது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அப்டேட் வந்தது. மாற்றங்களை ஒழுங்காகக் குறித்து வைத்தேன். கேமுக்குள் காசுக்கு விற்கும் வைரத்தைக் கொடுத்தால் நெல் உடனே விளையும். தண்ணீர் வேண்டுமென்றால் மூன்று விளம்பரம் பார்க்க வேண்டும். சூடடிக்கும் களத்தில் ஒரு டிராகன் நிற்கும். ஏன் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கடைசியாக, மிகச் சின்ன எழுத்தில்: வயல்களை இணைக்கும் வசதி நீக்கப்பட்டுள்ளது.

"மாடு எங்க?" என்றார் அக்கா.

"மாட்டையும் எடுத்திட்டாங்க அக்கா."

ஒரு வருடமாக அந்த மாடுகளைத் திட்டித் தீர்த்தவர் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கம்பனிக்கு மனு எழுதினோம். 'மேற்படி வட்டை விவசாயிகள் தாழ்மையுடன் அறியத்தருவது' என்று தொடங்கி ஆறு பேரும் கையொப்பமிட்டோம். நான் மொழிபெயர்த்து அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் தானியங்கிப் பதில் வந்தது. கூடவே ஐம்பது வைரம்.

"தண்ணி கேட்டா வைரம் தாறானுகள். வாய்க்கால்ல விட்டுப் பாரு, பாயுதா எண்டு!"

பழைய பதிப்பைத் தேடி அக்காவின் போனில் ஏற்றிப் பார்த்தேன். 'புதுப்பிக்கவும்' என்பதைத் தாண்டி அது நகரவில்லை. ஏலாது என்று சொன்னேன். அக்கா எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"கூட்டத்த மட்டும் விட்டிராதங்க புள்ளையள். விட்டா மறுகா ஆளுக்கொரு கதவச் சாத்திருவீங்க."

அடுத்த வாரமே நான் கேமை அழித்துவிட்டேன். ஒரு வாளித் தண்ணீருக்கு மூன்று சவர்க்கார விளம்பரம் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனால் சனிக்கிழமை நாலரைக்குப் போய், "நெல் நல்லா நிக்கிது அக்கா," என்று அறிக்கை கொடுத்து, அதையே கூட்டக் குறிப்பேட்டிலும் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் பொய்யாக எழுதிய குறிப்புகள் அவை மட்டும்தான். சிபானா தன் வெங்காயத்தை டிராகன் எரித்துவிட்டதாகச் சொன்னாள். மற்றவர்கள் அனுதாபப்பட்டார்கள். அக்கா, "சாம்பல் நல்ல பசளை," என்று ஆறுதல் சொன்னார்.

ஐந்தாவது வாரம், விடுதி நடத்தும் மாமி பிளேன்ரீத் தட்டோடு வந்து நின்றார்.

"அந்த டிராகன எனக்கும் ஒருக்காக் காட்டுங்களன் புள்ளையள்."

"என்ட போன்ல சார்ஜ் இல்ல மாமி," என்றாள் சிபானா. "என்ட போன் அறையில," என்றாள் இன்னொருத்தி, போனைக் கையில் வைத்துக்கொண்டே. நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"அப்ப ஒருத்திட்டயும் இல்லையா?"

சிபானாவுக்குத்தான் துணிச்சல். "உங்கட போன்ல காட்டுங்களன் அக்கா."

அக்கா கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னார்: "நான் வைரம் வந்த அண்டைக்கே அழிச்சிட்டன் புள்ள."

"அப்ப இவ்வளவு நாளும் என்னத்தக் கதைச்சீங்க?" என்று மாமி கேட்டார். எல்லாரும் வெடித்துச் சிரித்தோம். சிரித்த சிரிப்பில் சிபானாவுக்குப் புரையேறிவிட்டது. அக்கா மட்டும் சிரிக்காமல் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் என்று யாரும் அறிவிக்கவில்லை. நான் கீழே இறங்கியபோது நாலரைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நாலு பேர் ஏற்கனவே மேசையில். அக்கா கடைசியாக வந்து, வாசலில் நின்று எங்களை ஒரு தடவை எண்ணிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'சமுகமளித்தோர்: ஆறு பேர்' என்று எழுதினேன். 'ஆராயப்பட்ட விடயம்' என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். அந்தக் குறிப்பேட்டில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.