போட்டிக்கு முன் ஒரு சவாசனம்

“ஆழ்ந்த ஓய்வு தரும் ஆசனங்களைப் போட்டிக்கு முன் செய்யக் கூடாது.” எங்கள் மகளிர் ஹாக்கிக் குழுவின் பயிற்சி விதிகளில் இது ஏழாவது. எழுதியவள் நான். மீறியவளும் நானே.

மாநில அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் யோகா சான்றிதழ் ஒன்று வாங்கினேன். (வீட்டில் யாரும் கேட்கவில்லை.) எங்கள் பகுதியான ஜீவனஹள்ளியில் கார்மெண்ட்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கும் பெண்கள் ஹாக்கி ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, விதிகளோடு போய்ச் சேர்ந்தேன். பயிற்சியாளர் தேன்மொழி அவர்களை ஓடவிட்டு, குதிக்கவைத்துப் பிழிந்தெடுப்பாள். அதன்பின் நான். குனிந்தே ஆடும் ஆட்டம். முதுகும் இடுப்பும் இறுகிவிடும். அவற்றை இளக்கியதும் பந்தைத் தாழ்வாகப் போய் எடுக்கத் தொடங்கினார்கள். கோல்கீப்பர் ஸ்டெல்லா மூச்சுப் பயிற்சிக்குப் பிறகு பெனால்டிக்குப் பதறுவதை விட்டாள். எனக்குத் தலைக்கனம் ஏற இது போதாதா?

பிறகு அந்தப் போட்டி வந்தது. ஜெயிக்கும் குழுவுக்கு ஒரு வருடம் மைதானத்தில் காலை நேரம்; பயிற்சி முடித்து வேலைக்குப் போகலாம். தோற்றால் ஞாயிறு மதியம் மட்டும், கொளுத்தும் வெயிலில்.

மாலை ஆட்டத்தைத் திடீரென்று காலைக்கு மாற்றிவிட்டார்கள். அது என் வகுப்பு நேரம். “யோகா வகுப்பு எக்காரணத்தாலும் நிறுத்தப்படாது” என்பது விதி இரண்டு. விதிகள் மோதினால் முன்னதே செல்லும் என்று வேலைக்காலம் முழுக்கக் கோப்புகளில் எழுதியவள் நான்.

“ஆன்ட்டி, இன்னிக்கி ரெண்டு ஸ்ட்ரெச் போதும். உடம்பு சூடா இருக்கணும்” என்றாள் தேன்மொழி.

“விதி இரண்டப் படிச்சியா?”

“நீங்க எழுதினத யாரு ஆன்ட்டி முழுசாப் படிச்சாங்க?”

அதற்காகவே முழுசாகச் செய்தேன். மைதான ஓரத்து மரநிழலில் அத்தனை பேரையும் சவாசனத்தில் படுக்கவைத்து, “பாதங்கள் தளரட்டும்” என்று ஆரம்பித்தேன். தளர்ந்தன. விசில் ஊதியபோது, கடைசி ஸ்டாப்பில் எழுப்பிவிடப்பட்ட பஸ் பயணிகளைப்போல் எழுந்து போனார்கள்.

முதல் பந்தை யாரும் துரத்தவில்லை. இரண்டாவது ஸ்டெல்லாவின் காலருகே உருண்டு உள்ளே போனது.

“ஸ்டெல்லா, பந்து!” என்று கத்தினாள் தேன்மொழி.

“பாத்தேன் அக்கா” என்றாள் ஸ்டெல்லா, பரம சாந்தமாக.

மூன்று கோல் வாங்கியபின் விழித்தார்கள். பிறகு ஆடியதுதான் ஆட்டம். இரண்டைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு கோலில் தோற்றோம்.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஸ்டெல்லாதான், “ஆஸ்பத்திரில ரெண்டு ஷிஃப்ட் பாத்துட்டு நேரா வந்தேன் ஆன்ட்டி. நீங்க படுக்கச் சொன்னது ரொம்ப சுகமா இருந்துச்சு” என்றாள். அவள் இடுப்பு எவ்வளவு வளையும் என்று எனக்குத் தெரியும். எப்போது தூங்குகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. என் விதிகள் எதிலும் அதற்கு இடமும் இல்லை.

ஆட்ட நேரத்தை முன்னறிவிப்பின்றி மாற்றியது முறையல்ல, காலை நேரத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அன்றே மைதான நிர்வாகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல்கள் அனுப்பினேன். ஞாயிறுதோறும் வெயிலில் அவர்களோடு நானும் நின்றேன். வீட்டில் நான் யாரையாவது அவசரப்படுத்தினால், என் கணவர் சோபாவில் நீட்டிப் படுத்து, “பாதங்கள் தளரட்டும்” என்பார். பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கடைசியில் பதில் வந்தது. கோரிக்கை நியாயமானதாம், நடப்பு ஒதுக்கீட்டு ஆண்டு முடியும்வரை காலை நேரத்தை நாங்கள் பயன்படுத்திக்கொள்ளலாமாம்.

அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. கடிதம் வந்தது திங்கட்கிழமை.