இருளப்பசாமி சேவலின் கழுத்து இறகு

செவ்வாய்க்கிழமை காலையில் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே கஸ்தூரி அந்தக் குண்டைப் போட்டாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகணும். இருளப்பசாமிக்கு நேந்து விட்ட சேவலக் குடுத்துரணும். வெள்ளத்துரைக்குச் சொல்லி விட்டாச்சு."

அவள் புருஷன் சுப்புராஜ் பிய்த்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். வெள்ளத்துரை கஸ்தூரியின் தம்பி. அவன் காதில் ஒரு விஷயம் விழுந்தால் ரெட்டியபட்டிப் பக்கம் அத்தனை சொந்தக்காரர்களுக்கும் விழுந்த மாதிரிதான். இனி நாளைத் தள்ளிப்போட வழியே கிடையாது.

கை கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போய், கோழி அடைக்கும் மூங்கில் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே செவலைச் சேவல் மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. முன்னால் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பின்னால் பார்த்தால், பிடரியில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை. வெறும் சிவப்புத் தோல். பிடுங்கியது வேறு யாருமில்லை, அவரேதான்.

அதற்கு ஒரு மூன்று வருஷத்துக் கதை இருக்கிறது.

சுப்புராஜுக்கு அருப்புக்கோட்டையில் நூல் கடை. நெசவாளர்களுக்குச் சாயநூல் விற்றுக்கொண்டு ஒழுங்காக இருந்த மனிதர். அறுபத்தாறாம் வருஷம் ஒரு கல்யாணத்துக்கு மூணாறு போனார். அங்கே தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஆற்றில் இறங்கி நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மண்புழு இல்லை, பொரி இல்லை. தூண்டில் முள்ளின் மேல் நூலையும் இறகையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, சாட்டையைச் சொடுக்குகிற மாதிரி வீசினார். அது தண்ணீரில் போய் உட்கார்ந்தது. பூச்சி என்று நம்பி மீன் வந்து கவ்வியது. சுப்புராஜ் கல்யாண விருந்தை மறந்து மத்தியானம் வரை அங்கேயே நின்றார். மொழி தெரியாமலே சிரித்துப் பழகி, துரையிடம் ஒரு இறகுப் பூச்சியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதிலிருந்து பிடித்தது கிறுக்கு. நூலுக்கா பஞ்சம்? கடையில் மஞ்சள், ஊதா, கிளிப்பச்சை எல்லாம் கட்டுக்கட்டாக இருந்தது. மெல்லிசான நூறாம் நம்பர் நூலில் கழுத்து, ஜரிகைத் துண்டில் வயிறு என்று விதவிதமாகப் பூச்சி கட்டினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கண்மாய்க்குப் போய் வீசினார். கருவேல மரத்தில் மாட்டியது. சலவைக்குக் காயப்போட்ட வேட்டியில் மாட்டியது. பக்கத்தில் புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த கூட்டாளி உக்கிரபாண்டியின் தலைப்பாகையில் இரண்டு தடவை மாட்டியது. மீன் மட்டும் மாட்டவில்லை.

"ஏலே சுப்புராசு, நீ மீனுக்குத் தீனி போடுறியா, நகை மாட்டி விடுறியா?" என்பார் உக்கிரபாண்டி.

கஸ்தூரி கிண்டல் செய்ய மாட்டாள். வெறுங்கையோடு வருகிறவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காலக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்பாள். அவ்வளவுதான். திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். அவளுக்கு இந்த மீன் கிறுக்கே பிடிக்கவில்லை, பொறுத்துப் போகிறாள் என்பது சுப்புராஜின் முடிவு.

கடைசியில்தான் குறை எங்கே என்று அவருக்குப் பிடிபட்டது. அதுவரை அவர் கட்டிய கறிக்கடைக் கோழி இறகு தண்ணீர் பட்டதும் ஊறி முங்கிவிடுகிறது. முற்றின சேவலின் கழுத்து இறகு என்றால் விறைப்பாக நின்று மிதக்கும். முற்றின சேவலுக்கு எங்கே போக? வளர்ப்பவர்கள் அதற்குள் குழம்பு வைத்துவிடுகிறார்கள். மூன்று வயது வரை கத்தி படாமல் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது கஸ்தூரி சாமிக்கு நேர்ந்து விட்டது.

ரெண்டே ரெண்டு என்றுதான் ஆரம்பித்தார். பிறகு இன்னும் ரெண்டு. போன ஞாயிற்றுக்கிழமை, மடைக்குப் பக்கத்தில் மிச்சம் கிடந்த தண்ணீரில் அந்த இறகுப் பூச்சி போய் உட்கார்ந்ததுதான் தாமதம், முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் எழும்பிக் கவ்வியது. சுப்புராஜ் பிடித்த முதல் மீன். கண்மாய்க் கரையில் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் குதித்தார். கஸ்தூரி ஒன்றும் பேசாமல் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

அந்தச் சந்தோஷம் முழுசாக ரெண்டு நாள்கூட நிற்கவில்லை.

அவர் பயமெல்லாம் மகள் கோகிலாம்பாளைப் பற்றியது. மூன்று வருஷத்துக்கு முன் அவள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த சமயத்தில்தான் கஸ்தூரி இந்தச் சேவலைக் குஞ்சாகக் கொண்டுபோய்ப் பூசாரி கையால் குங்குமம் வைத்து நேர்ந்து விட்டாள். எதற்கு என்று கேட்டால், "நேந்தத வெளிய சொன்னா பலிக்காது" என்றுவிட்டாள். அப்போது பள்ளிப் படிப்பின் கடைசியான பதினொன்றாம் வகுப்பில் கோகிலா தேறிவிட்டதாகப் போன வாரம்தான் பேப்பரில் நம்பர் வந்திருந்தது. இனி வாத்தியார் படிப்புக்கு இடம் கிடைக்க வேண்டும். அதற்குள் குறைபட்ட சேவலைக் கொடுத்து, சாமி கோபித்துக்கொண்டு பிள்ளை படிப்பில் கை வைத்துவிட்டால்? கஸ்தூரி முகத்தில் எப்படி முழிப்பது?

சரி, பிடுங்கின கைதானே, ஒட்ட வைக்கட்டும் என்று கட்டியிருந்த பூச்சிகளை எல்லாம் பிரித்தார். இறகுகளைச் சிவப்பு நூலில் நெருக்கமாகக் கட்டி, ஒரு காலர் மாதிரி செய்து சேவல் கழுத்தில் மாட்டினார். கடவுள் படைத்ததைவிட அழகாக இருந்தது. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டு கடைக்குப் போனார்.

மூன்று வருஷத்தில் ஒரே ஒரு விராலைத் தவிர எந்த மீனும் சட்டை செய்யாத வேலைப்பாட்டைக் கொல்லையிலிருந்த பெட்டைக்கோழிகள் பார்த்த மாத்திரத்தில் நம்பிவிட்டன. சேவல் கழுத்தில் கூட்டமாகப் பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்று நாலும் சேர்ந்து கொத்தித் தின்றன. அவர் திரும்பி வந்து பார்த்தபோது காலரும் இல்லை, காலருக்கு அக்கம்பக்கத்து அசல் இறகும் இல்லை.

புதன்கிழமை பஸ் ஏறி மல்லாங்கிணறு போனார். அதே நிறம், அதே உயரத்தில் ஒரு சேவல் வாங்கினார். சாமியை ஏமாற்றுகிறோமோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் மனசு குறுகுறுத்தது. 'கஸ்தூரியைத்தான் ஏமாத்துறோம், சாமிக்குத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கொல்லைக்குள் நுழைந்தவுடன் அடுப்படியில் வளையல் சத்தம் கேட்டது. அவசரத்தில் புதுச் சேவலையும் பழைய சேவல் இருந்த பஞ்சாரத்துக்குள்ளேயே தள்ளிக் கவிழ்த்துவிட்டார். ஒரு பஞ்சாரத்துக்குள் ரெண்டு சேவலை அடைக்கக் கூடாது என்பது இந்தச் சீமையில் நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நூல் கடைக்காரருக்கு அந்த நேரம் மறந்துவிட்டது.

"என்னங்க அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. பூனை ஒண்ணு சுத்துது. வெரட்டுறேன்."

பஞ்சாரம் தானாகக் கொல்லையைச் சுற்றி வந்தது. அதைத் தூக்கியதும் புதுச் சேவல் சுவரேறிக் குதித்துத் தெருவோடு போய்விட்டது. சாமி சேவல் ஜெயித்துவிட்ட பெருமையில் கூவியது. கழுத்தில் ஒரு இறகு மிச்சமில்லை. கொண்டையும் கிழிந்திருந்தது.

அதன் பிறகு சுப்புராஜ் பஞ்சாரத்தின் மேல் கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டார். பூனைப் பயம் என்று கஸ்தூரியை அண்டவிடாமல் தானே தீனியும் வைத்தார். "என்னமோ சாமி மேல திடீர்னு பக்தி வந்திருச்சு" என்று அவள் மகளிடம் சொன்னது காதில் விழுந்தது. அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சாக்கின் ஓட்டை வழியாகச் சேவல் தலையை நீட்டியது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"அடடே, கிராப்புக் கோழியா? கழுத்துல இறகு இல்லாத சாதி. நல்ல ருசியா இருக்குமே. எங்க பிடிச்சீக?"

"சீட்டக் கிழிங்கய்யா முதல்ல" என்றார் சுப்புராஜ். நல்லவேளை, கஸ்தூரியும் கோகிலாவும் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

கோயிலில் வெள்ளத்துரை பத்து முப்பது சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்திருந்தான். பூசாரி தவசி மஞ்சத் தண்ணீரோடு தயாராக நின்றார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சேவல் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது கழுத்து இறகைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் என்னவோ குற்றம் இருக்கிறது.

சுப்புராஜுக்கு அந்த வழக்கம் அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. சிலிர்ப்பதற்கு இறகு வேண்டுமே.

சாக்கை அவிழ்த்ததும் கூட்டம் எட்டிப் பார்த்தது. கஸ்தூரி சேவலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"பூனைதான்" என்றார் சுப்புராஜ்.

தவசி தண்ணீர் தெளித்தார். சேவல் எல்லாரையும் வரிசையாகப் பார்த்தது. மறுபடி தெளித்தார். ஒரு பக்கம் தலையைச் சாய்த்தது. மூன்றாவது தடவை செம்போடு கவிழ்த்தார். தண்ணீர் மொட்டைக் கழுத்தில் வழிந்து ஓடியது. தலையை ஆட்டியதா, குளிரில் நடுங்கியதா என்று ஒருவருக்கும் நிச்சயம் இல்லை.

"சாமி மொகங் குடுக்கலையே மச்சான். ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றான் வெள்ளத்துரை. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

கஸ்தூரியின் கண் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் சுப்புராஜுக்குத் தாங்கவில்லை. சட்டையோடு சாமி முன்னால் விழுந்தார்.

"தப்பு என்னுதுதான் சாமி. பூனையுமில்ல ஒண்ணுமில்ல. தூண்டிலுக்குப் பூச்சி கட்ட நாந்தான் இறகப் பிடுங்கினேன். ஒட்ட வச்சுப் பாத்தேன், மாத்துச் சேவல் வாங்கிப் பாத்தேன், எல்லாம் கெட்டுப்போச்சு. அந்தத் தூண்டில இன்னைக்கே ஒடிச்சுப் போடுறேன். எம் பிள்ள படிப்புல மட்டும் கை வச்சிராத. கஸ்தூரி, நீயும் என்ன மன்னிச்சுரு."

கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று சுப்புராஜ் நினைத்தார்.

தவசி பூசாரி குனிந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்த இறகுல மீனு விழுந்துச்சா?"

"விழுந்துச்சு பூசாரி. போன ஞாயித்துக்கிழமை. ஒரே ஒரு விரால்."

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். சேவலைத் தூக்கி ஈரத்தைத் துடைத்து, கஸ்தூரியின் கையில் கொடுத்தார்.

"இனிமே என்ன உத்தரவு கேக்குறது தாயி? 'எங்க வீட்டுக்காரரு மொகம் வாடுறதப் பாக்கச் சகிக்கல, அவுக தூண்டில்ல ஒரு மீனாவது விழணும்'னு தான மூணு வருசத்துக்கு முந்தி இந்தச் சேவல நீ நேந்து விட்ட?"