நாலு பேருக்கு எட்டுத் திருகு

பாட்டுக் கேட்பதற்காக ஹெட்போன் மாட்டுகிறவர்கள் உலகத்தில் கோடிப் பேர். ஒன்றும் கேட்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மாட்டியவர், நான் அறிந்தவரை, பெல்ட்டு ஒருவர்தான்.

பெல்ட்டு என்பது அவர் பெயரல்ல. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரியை ஏற்றிக்கொண்டு போகும் கன்வேயர் பெல்ட்டில் அவருக்கு வேலை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. கணக்குப் பிரிவில் அதிகாரியாக இருந்த எனக்கே அது நினைவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். பக்கத்திலுள்ள வடக்குத்து ஊர்க்காரர். ஷிஃப்ட் இல்லாத நேரத்தில், குச்சியால் தட்டினால் டிரம் சத்தம் தரும் ரிதம் பேட் வாசிப்பார். கீபோர்டுக்கு ஒருவர், கிட்டாருக்கு ஒருவர், பேடுக்குப் பெல்ட்டு, பாட்டுக்கு நான். இதுதான் எங்கள் மெல்லிசைக் குழு.

எல்லார் கையிலும் செல்போனில் வாட்ஸ்அப் வந்து சேர்ந்த காலம். அந்த வருஷம் எனக்குப் பணி ஓய்வு. வழியனுப்பு விழாவில் சால்வை யாருக்கும் கிடைக்கும். நான் மேடையில் பாடிவிட்டுப் போக ஆசைப்பட்டேன். ஒத்திகைக்கு இருந்த ஒரே இடம் பெல்ட்டின் குவார்ட்டர்ஸ் முன்னறை. பக்கத்து வீட்டுக்காரருக்கோ எப்போது பார்த்தாலும் நைட் ஷிஃப்ட். பகலில் அவர் தூங்கியாக வேண்டும். அவர் மனைவி செல்வி ஒரு நாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"பெல்ட்டண்ணே, இவுரு இப்பதான் கண்ண மூடுனாரு. இன்னொரு வாட்டி டொம்மு டொம்முனு கேட்டுச்சு, டவுன்ஷிப் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துருவேன். அப்புறம் உங்க கச்சேரிய மைன்ஸுக்குள்ள போய் வெச்சுக்குங்க."

எழுதிக் கொடுத்தால் ஒத்திகை போச்சு. ஒத்திகை போனால் என் மேடை போச்சு.

பெல்ட்டு அசரவில்லை. "எல்லாம் கரெண்டு வாத்தியந்தானே சார்? ஸ்பீக்கர கழட்டிட்டு, காதுல மாட்டிக்கினு வாசிப்போம். நாலு பேருக்கும் சேத்து ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வாங்கிட்டா போதும்."

யோசனை நல்லதுதான். ஆனால் ஒரு வாரத்தில் முடிய வேண்டியதை அவர் மாதக்கணக்கில் இழுத்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட மனிதர் இவ்வளவு விசாரிக்கவில்லை என்று அவர் மனைவியே சொன்னார். ஒரு நாள் எங்கள் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிப் பாண்டிச்சேரிக் கடைக்கு அழைத்துப் போனார். நாலு பேர் காதிலும் ஹெட்போன். பெட்டியின் சத்தத் திருகை முழுசாக ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு இல்லை, ஒன்றுமில்லை.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, பாட்டு போடட்டுமா?" என்றார்.

"வாணாங்க. பாட்டு போட்டா எல்லாப் பொட்டியும் நல்லாத்தான் இருக்கும். சும்மா இருக்கறப்ப இரையுதான்னு பாக்கறேன்."

முதல் பெட்டி அடைமழைபோல் இரைந்ததாம். இரண்டாவதில் நாலாவது ஹெட்போனைச் செருகியதும் மற்ற மூன்றிலும் சத்தம் இறங்கியது. "ஆளு வர வர ரசத்துல தண்ணி ஊத்துன மாதிரி இருக்குதுங்க" என்று தள்ளிவிட்டார். மூன்றாவதில் நாலு பேருக்கும் ஒரே திருகு. "பெல்ட்டுல நிக்கறவனுக்கும் ஆபீஸ்ல குந்திக்கினு இருக்கறவருக்கும் காது ஒரே மாதிரி கேக்குமா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். கடைசியில் ஆளுக்கு இரண்டு திருகு உள்ள பெட்டி அகப்பட்டது. ஒன்று வாத்தியத்துக்கு, ஒன்று பாட்டுக்கு. எங்கள் பைக்கும் அடங்கியது.

இந்தக் கதையை நான் கேன்டீனில் நடித்தே காட்டினேன். காலி டம்ளரைக் காதில் வைத்துக் கண்ணை மூடி, "இரையுதுங்க" என்பேன். மேஜை அதிரச் சிரிப்பார்கள். பெல்ட்டு அடுத்த மேஜையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளிலும் அப்படித்தான் செய்தேன்.

முதல் மௌன ஒத்திகை ஒரு ஞாயிறு காலை. சுரங்கத்து இரைச்சலில் பேசிப் பழகியவர்கள், காதை அடைத்த மாத்திரத்தில் தொண்டையைத் திறந்துவிடுகிறார்கள். "பல்லவிய ரெண்டு வாட்டி பாடுங்க சார்!" என்று பெல்ட்டு கத்த, "என்னது?" என்று கிட்டார்காரர் கத்த, நடுவில் நான் உச்சஸ்தாயியில் உருகிக்கொண்டிருந்தேன். கதவு இடிபட்டது. கையில் விறகுக்கட்டையோடு பக்கத்து வீட்டுக்காரர், தூக்கம் கலையாத கண்ணோடு நின்றார்.

"யாரு யார அடிக்கறீங்க?"

பின்னால் வந்த செல்வி எங்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "முந்தியாச்சும் வாத்தியத்துக்குள்ள சாரு கொரலு அமுங்கிக் கெடந்துச்சு. இப்ப பச்சையா கேக்குதுண்ணே!"

ஆக, எல்லாவற்றின் வாயையும் அடைக்க ஒரு பெட்டி வாங்கி, என் வாயை மட்டும் ஊருக்குத் திறந்துவிட்டிருந்தோம்.

அடுத்த ஞாயிறு பெல்ட்டு என்னைத் தன் பழைய காருக்குள் உட்காரவைத்துக் கண்ணாடிகளை ஏற்றினார். கூரைமேல் இரண்டு பஞ்சு மெத்தை. மைக்கின் ஒயரும் ஹெட்போன் ஒயரும் கதவிடுக்கு வழியாக முன்னறைக்குப் போயின. பேச்சுக்குப் பதில் சுரங்கத்துக் கைச்சாடை: விரலைச் சுற்றினால் மறுபடி, முஷ்டி மடக்கினால் நிறுத்து. ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டு, இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாவுபோல் நான் வெந்து வெந்து பாடினேன். சுவருக்கு மேல் தலை எதுவும் தெரியவில்லை.

விழாவுக்குச் சில நாள் முன்பு தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். எல்லாரும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியின்மேல் பிளாஸ்திரி ஒட்டி அவரவர் பெயர் எழுதியிருந்தது. கீபோர்டுக்காரரின் பாட்டுத் திருகு பூஜ்யத்தில் நின்றது. கிட்டார்காரருடையதும் பூஜ்யம். நான் காருக்குள் வெந்ததில் ஒரு வரிகூட அவர்கள் காதுக்குப் போயிருக்கவில்லை. பெல்ட்டின் திருகுகள் தலைகீழாக இருந்தன: வாத்தியம் பூஜ்யம், பாட்டு முழுசு.

"சார், டீ ஆறுது" என்றபடி அவர் டம்ளரோடு உள்ளே வந்தார்.

"யோவ், என்னய்யா இது? நான் பாடறத அவங்க ரெண்டு பேரும் கேக்கறதே இல்லையா?"

பெல்ட்டு தலையைச் சொறிந்தார். "நீங்க தாளத்த வுட்டுட்டு ஓடிடுவீங்க சார். அவுங்களும் கேட்டா, பின்னாலயே ஆளுக்கொரு பக்கம் ஓடிப்பூடுவாங்க. அதான் மூடி வெச்சேன். அவுங்க என் பேட மட்டும் புடிச்சிக்கினு வந்தா போதும்."

"அப்ப நீங்க?"

"நான் உங்களத்தான் கேட்டுக்கினு இருக்கேன். ஒருத்தனாச்சும் கேக்கணும்ல சார்? அதுக்குத்தானே ரெண்டு திருகு உள்ள பொட்டியா தேடுனேன்."

டீயை வாங்கிக்கொண்டேன்.

விழா நடந்தது. பாடினேன். இரண்டாவது சரணத்தில் வழக்கம்போல் தாளத்தை விட்டுவிட்டுத் தறிகெட்டு ஓடினேன். பக்கத்தில் பேடோடு ஒரு மனிதர், நான் விழாதபடி, கூடவே ஓடி வந்துகொண்டிருந்தார்.