நாற்பத்தோராவது வீட்டில் நின்றுபோன மனு

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கிஷோர் அவர்களுக்கு,

மாமனார் தேவராஜ் எழுதுவது. தாங்களும் என் மகள் ஷர்மிளாவும் சோழிங்கநல்லூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு பிரஷர் நூற்றறுபது, தங்கள் மாமியார் தாயம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி நலம். போனில் பேசினால் வாய் தவறி ஏதாவது வந்துவிடும், வீட்டு மாப்பிள்ளையை அப்படிப் பேசக்கூடாது என்பதால் கடிதமாக எழுதுகிறேன். நிதானமாகப் படிக்கவும்.

போன தீபாவளிக்கு வந்தபோது, சாப்பிட்ட கை காய்வதற்குள் தாங்கள் என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, "பதினஞ்சு வருஷப் பழசு மாமா, இதுல இனிமே விண்டோஸ் ஓடாது, லினக்ஸ் போட்டுத் தரேன், பறக்கும்" என்றீர்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை இன்னொரு வடை கேட்டாலும் சரி, விண்டோஸை அழிக்கிறேன் என்றாலும் சரி, தலையை ஆட்டுவதுதான் நம் குடும்பத்தில் வழக்கம். ஆட்டினேன். ஒரு ஜிபி மெமரி போதாது என்று விரல் நீளத்தில் பச்சையாக இன்னொரு பட்டையையும் வாங்கிவந்து உள்ளே சொருகினீர்கள். லினக்ஸின் அடையாளமாம், திரையில் பெங்குவின் படம் வந்தது. பதினோரு மாதம் நன்றாகத்தான் ஓடியது, அதை நான் மறைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருக்கோடியில் மழைநீர்க் கால்வாய்க்கென்று தோண்டிய பள்ளம் ஆடி மாதத்திலிருந்து அப்படியே கிடக்கிறது. காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. பள்ளம் இல்லாத போன வருஷமே முட்டியளவு தண்ணீர் வந்து, எதிர்வீட்டு வேம்புலியின் ஃபிரிட்ஜ் ஹாலில் மிதந்தது. இந்த வருஷம் இந்தப் பள்ளத்தோடு மழை வந்தால் எந்தப் பிள்ளை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. இன்று மதியம் ஒரு மணி வரை சமுதாயக் கூடத்தில் மாநகராட்சி அதிகாரியம்மா மனு வாங்குகிறார். விட்டால் அடுத்த மாதம்தான், மழை அதுவரை காத்திருக்காது. நலச்சங்கச் செயலாளர் என்ற முறையில் அறுபத்திரண்டு வீட்டுப் பட்டியலோடு மனுவை நானே டைப் அடித்துக் கொண்டுபோகிறேன் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை உட்கார்ந்தேன். பட்டனை அமுக்கிவிட்டு, பல் தேய்த்து, குளித்து, இட்லி தின்றுவிட்டு வந்தால் அப்போதுதான் பெங்குவின் கண் திறக்கிறது. எழுதும் பக்கம் திறக்க ஒரு காபி. ஒரு எழுத்தை அடித்தால் அது திரையில் வந்து விழுவதற்குள் அடுத்த எழுத்து என்னவென்று எனக்கே மறந்துபோகிறது. தங்களுக்குப் போன் போட்டேன், மீட்டிங் என்றீர்கள். அப்புறம் தாங்களே கூப்பிட்டு, "கறுப்பா ஒரு ஜன்னல் வரும், அதுல பாஸ்வேர்டு அடிங்க மாமா" என்றீர்கள். அடித்தேன். எழுத்தும் விழவில்லை, ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துப்போச்சு என்று கவிழ்த்துத் தட்டியதில் இரண்டு பட்டன் கழன்று பீரோவுக்கு அடியில் போய்விட்டது. அதற்கப்புறம் சாவகாசமாக, "அது அப்படித்தான் மாமா, பாஸ்வேர்டு வெளிய தெரியாது" என்கிறீர்கள். அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாய்யா கேடு. மன்னிக்கவும், இந்த வரியை அடித்துவிட்டேன், படிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கதையைக் கேளுங்கள். நாற்பது வீடு அடித்து முடித்து நாற்பத்தோராவது வீட்டுக்கு வந்தேன், அது வேம்புலி வீடு. பக்கம் அப்படியே மறைந்துவிட்டது. எச்சரிக்கை இல்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்களைக் கேட்டால், "மெமரி பத்தலைன்னா சிஸ்டமே ஒண்ண மூடிடும் மாமா, அது நல்லதுக்குத்தான்" என்கிறீர்கள். எந்த ஆபீசில், மேஜையில் இடம் இல்லையென்று குமாஸ்தா நான் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலைப் பிடுங்கிக் கிழித்துப் போடுவான்? சேவ் பண்ணவில்லையா என்று வேறு கேள்வி. சேவ் கொடுத்தால் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்து நியூஸ் முடிகிற வரைக்கும் சுற்றுகிறது. மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் அதே இடத்தில் போயிற்று. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த வேம்புலி, "இன்னா அண்ணாத்தே, கரெக்டா என் ஊட்டாண்ட வந்தா மட்டும் பூட்டுது, வேணுமின்னே பண்றியா" என்று கேட்டுவிட்டுப் போனான். தெருவில் எனக்கு இருந்த மரியாதை அத்தோடு போனது.

இதெல்லாம் போதாதென்று, நான் கம்ப்யூட்டரை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்று ஷர்மிளாவிடம் சொன்னீர்களாம். யாரைப் பார்த்து? அம்பத்தூர் எஸ்டேட் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். ஆயுத பூஜை அன்று மூடியைக் கழற்றி, பிரஷ் போட்டுத் துடைத்தவன் நான். அப்போது பார்த்தால் உள்ளே ஒரே மாதிரி இரண்டு பச்சைப் பட்டை. ஒரே சாமான் இரண்டு இருந்தால் ஒன்று மெஷினில் ஓட வேண்டும், ஒன்று ஸ்டாக்கில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தேயவிட்டவனுக்கு நான் அந்தக் காலத்தில் மெமோ கொடுத்திருக்கிறேன். தாங்கள் விவரம் தெரியாமல் செய்தது என்று பெருந்தன்மையாக விட்டு, புதுப் பட்டையைக் கழற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, கவரில் போட்டு, தேதி எழுதி, சாமி ஷெல்ஃபில் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் ஒரு கீறல் இல்லாமல் அங்கேயேதான் இருக்கிறது. அதற்கு மறுநாளிலிருந்துதான் இந்த மெஷின் படுத்துவிட்டது. கண் பட்டிருக்கும் என்று தாயம்மா எலுமிச்சம்பழம்கூடச் சுற்றிப்போட்டாள். இவ்வளவு பார்ப்பவனைப் பார்த்துத்தான் பராமரிப்பு இல்லை என்கிறீர்.

இதை எழுதும்போதும் எதிரில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. "ஒரு பேப்பர எடுத்துக் கையால எழுதேன், முடிஞ்சிடும்ல" என்று தாயம்மா காலையிலிருந்து நச்சரிக்கிறாள். கையால் எழுதின மனுவை எந்த அதிகாரியம்மா படிப்பார் என்று சத்தம் போட்டேன். அதற்குப்பின் ஆளைக் காணோம், சத்தமும் இல்லை. ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் டைப்பிங் கடைக்குப் போகச் சொல்கிறான் வேம்புலி. ஊட்ல கம்ப்யூட்டர் வச்சினு நான் கடைக்குப் போய் நிக்கணுமா? போகமாட்டேன். இந்தத் தெரு முழுகினால் அதற்கு நீரும் உம்முடைய பெங்குவினும்தான் பொறுப்பு. வருகிற தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்தாயிற்று, அதில் குறை வைக்கமாட்டேன். ஆனால் வாசலில் கால் வைக்கும்போது கையில் விண்டோஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷர்மிளா மட்டும் உள்ளே வரட்டும்.

தாங்கள் ஆபீசில் மேன்மேலும் உயர்ந்து, நீண்ட ஆயுளோடும் குறைவில்லாத மெமரியோடும் வாழ ஆசீர்வாதம். தங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தேவராஜ்
செயலாளர், தெரு நலச்சங்கம்

பி.கு.: பதினோரு பக்கத்தையும் மடித்துக் கவரில் திணித்துவிட்டு நிமிர்ந்தால் மணி ஒன்று இருபது. மனு வாங்கும் நேரம் தாண்டிவிட்டது. செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது தங்கள் மாமியார் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வருகிறாள். நேற்று சாயங்காலமே வீடு வீடாகப் போய் அறுபத்திரண்டு கையெழுத்தும் வாங்கிவிட்டாளாம், இன்று காலை நான் எழுத உட்கார்ந்ததும் மனுவை எழுதிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். "இன்னா எழுதின" என்றேன். "பள்ளத்த மூடாம பூட்டாங்க, மழை வருது, வந்து மூடுங்கன்னு எழுதினேன், நாலு வரிதான். அந்த அம்மா அங்கியே படிச்சிட்டு நாளைக்கு ஆள் அனுப்புறேன்னாங்க. செயலாளர் எங்கன்னு கேட்டாங்க, மாப்பிள்ளைக்கு லெட்டர் எழுதினு கீறாருன்னேன்" என்று சொல்லிவிட்டு ரசீதை நீட்டினாள். ஆகவே விண்டோஸுக்கு அவசரம் இல்லை, இருவரும் மெதுவாக வாருங்கள். ரசீதில் சீல் எல்லாம் சரியாக இருக்கிறது. கீழே, தாயம்மா, செயலாளர் என்று போட்டிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பார்த்தாயிற்று, ஒருவரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை.