கேன்டீனில் நாகத்தீவு

தொலைக்காட்சி யாரையும் கெடுப்பதில்லை, எல்லாம் பார்க்கிறவன் மனசில்தான் இருக்கிறது என்று சொல்லும் அறிஞர்கள் என் இடது கணுக்காலைப் பார்த்ததில்லை. எக்ஸ்ரே வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

ஒரகடத்தில் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்புப் பயிற்சி அதிகாரி. அதாவது ஓடாதே, தாண்டாதே, தெரியாத ஓட்டையில் கையை விடாதே என்று வளர்ந்த மனிதர்களிடம் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். வழக்கத்துக்கு மாறாக எது தெரிந்தாலும் நில், கூப்பிடு, காத்திரு. இதுதான் நான் மாதந்தோறும் ஓதும் மந்திரம். ஓதிவிட்டு, சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு கைப்பேசியில் சாகசத் தொடர் பார்ப்பேன்.

எப்படிப்பட்ட தொடர் என்கிறீர்கள்? தொப்பி போட்ட ஒருத்தன். வேலைவெட்டி கிடையாது, ஆனால் எந்த நாட்டுக்கும் விமான டிக்கெட் இருக்கும். (லீவு யார் கொடுத்தார் என்ற கேள்விக்கே இடமில்லை.) காட்டுக்குள் பாழடைந்த கோயில், அதற்குள் மரகதம், அதன்மேல் ஒரு சாபம். வில்லன் அவனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தன் திட்டம் முழுவதையும் நிதானமாக விளக்குவான். எங்கள் மேனேஜர்களில் ஒருவர்கூட ஒரு திட்டத்தை அவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. கடைசியில் நம்மாள் பள்ளத்தில் விழுவான். சரியாக அங்கே ஒரு கயிறு தொங்கும். அதை யார் கட்டியது, எடை தாங்குமா என்று பாதுகாப்பு அதிகாரியான எனக்கு ஒரு எபிசோடில்கூடத் தோன்றியதில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடப் பாதுகாப்பு வாரம் நெருங்கியது. வழக்கமாக நாடகம் போடுவோம். ஹெல்மெட் போடாத கணவன் சாவான், ஸ்டோர்ஸில் இருக்கும் மீசைக்காரர் ஒருவர் புடவை கட்டிக்கொண்டு அவன்மேல் விழுந்து அழுவார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ப்ளாண்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டார். "அந்த மீசைய இன்னொரு தடவை புடவைல பாக்க என் உடம்புல தெம்பு இல்ல. புதுசா ஏதாவது பண்ணுங்க."

புதுசாகச் செய்யக் கூடாத வருடம் அது. வேலைநாள் இழக்கும்படியான விபத்து ஒன்றுகூட இல்லாமல் வருடம் முடிந்தால் ஆளுக்கொரு மிக்ஸி என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. அடிபட்டவர் மறுநாள் வேலைக்கு வந்துவிட்டால் அது விபத்துக் கணக்கில் சேராது. வரமுடியாமல் போனால் மொத்த ப்ளாண்ட்டுக்கும் மிக்ஸி இல்லை. வருடம் முடிய ஒரு வாரமே பாக்கி. பெட்டிகள் வந்து கேன்டீன் சுவரோரம் கூரை வரைக்கும் அடுக்கியாகிவிட்டது. ஒன்றை மட்டும் பிரித்து, மாலை போட்டு, மேசைமேல் வைத்திருந்தார்கள். சாப்பிட வருகிறவர்கள் அதன் குமிழை ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுத்தார்கள்.

என் மகள் கல்லூரி நண்பர்களோடு ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லியிருந்தாள். ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் அதில் பாத்திரங்களாகிவிடுவார்கள். ஆபத்து வரும்போது தான் என்ன செய்வேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். எனக்குப் பொறி தட்டியது. பார்த்த தொடர்களிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் திருடி, 'நாகத்தீவின் ஏழாம் வாசல்' என்று ஒன்றை எழுதினேன். ஏழு வாசல், ஏழு ஆபத்து, ஏழு பாதுகாப்புப் பாடம்.

மகள் படித்துப் பார்த்தாள். "அப்பா, டிவில ஹீரோ குதிப்பான். ஏன்னா எழுதினவரு குதிக்கச் சொல்றாரு. இங்க ஆடறவங்க நீங்க சொல்றதக் கேக்க மாட்டாங்க."

"என் ஆளுங்க கேப்பாங்கம்மா" என்றேன். (கேட்டார்கள். அதுதான் கொடுமை.)

ஷிப்ட் மாறும் நேரம். கேன்டீன் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ப்ளாண்ட் ஹெட், கையில் சமோசா. என் சாகச வீரர்கள் மூவர்: அசெம்ப்ளி லைனில் வேலை செய்யும் பிள்ளைப்பாக்கம் ஸ்டெல்லா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சேரப்பணஞ்சேரி தேவராஜ், திருநெல்வேலியிலிருந்து வந்து குவாலிட்டியில் இருக்கும் மாரிமுத்து. நான் தலையில் ஒரு தொப்பி மாட்டியிருந்தேன். (ஆமாம்.)

குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தேன். "பாழடைந்த கோயில் ஒன்றின் முன் நிற்கிறீர்கள். உள்ளே கும்மிருட்டு. என்ன செய்வீர்கள்?"

தேவராஜ் கையைத் தூக்கினார். "கோயில்னா செருப்ப எங்க சார் வுடறது?"

கேன்டீன் சிரித்தது. "செருப்பு பரவாயில்லப்பா. உள்ள போறீங்களா?"

"இருட்டுக்குள்ள வேல ஆரம்பிக்கவே கூடாதுல்லா சார்?" என்றார் மாரிமுத்து. "போன மாசம் நீங்கதான சொன்னிய."

"சரி, கையில தீப்பந்தம் இருக்கு. உள்ளே அடியே தெரியாத பள்ளம். மேலே பழைய மரப்பாலம். பின்னால் வில்லனின் ஆட்கள் துரத்துகிறார்கள்!"

ஸ்டெல்லா யோசித்தாள். "பாலத்த கடைசியா யாரு செக் பண்ணது சார்? செக் பண்ண தேதி போட்ட டேக் எதுனா தொங்குதா?"

"ஆயிரம் வருஷத்துப் பாலம்மா அது!"

"அப்ப நாங்க ஏற மாட்டோம். நிக்கறோம், கூப்பிடறோம், காத்துக்கினு கீறோம்."

"யாரைக் கூப்பிடுவே? நடுக்காடு!"

"உங்களத்தான் சார்."

கைதட்டல். வில்லனை நேரே இறக்கினேன். ஒற்றைக் கண், கையில் சவுக்கு. "இவரு எந்த காண்ட்ராக்டு ஆளு? கேட் பாஸ் கீதா?" என்றார் தேவராஜ். பகடையை நீட்டினேன். மாரிமுத்து அதைத் தொடவில்லை. "உசுரு சமாச்சாரத்துல தாயக்கட்டய உருட்டச் சொல்லுதியளே சார்."

ப்ளாண்ட் ஹெட் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பிரமாதம்! இதான் பயிற்சி! இதவிட எப்படிச் சொல்லித்தர முடியும்?" என்றார். அதோடு நான் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டிருந்தால் இன்று என் பெயரில் ஒரு கேடயம் இருந்திருக்கும். எல்லோருக்கும் ஒரு மிக்ஸியும்.

ஆனால் நான் எழுத்தாளன் ஆகிவிட்டிருந்தேன். ஏழு வாசல் எழுதிவைத்தவனை முதல் வாசலிலேயே செருப்போடு நிறுத்திவிட்டார்களே என்று ரத்தம் கொதித்தது. பஸ்ஸில் பார்த்த அத்தனை தொடர்களும் மண்டைக்குள் ஒரே நேரத்தில் ஓடின. "வீரம்னா என்னன்னு தெரியுமாய்யா உங்களுக்கு? இப்படித்தான் தாண்டணும்!" என்று பெஞ்சின்மேல் ஏறினேன். பாதுகாப்பு வாரப் பேனரைக் கட்டிய நைலான் கயிற்றின் மிச்ச நுனி கூரைக் கம்பியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்தேன். பாய்ந்தேன்.

தொடர்களில் அந்தக் கயிறு கழன்று வருவதே இல்லை என்று நினைக்கிறேன். இது கையோடு வந்தது. பின்னாலேயே பேனரும் வந்து என்னைப் போர்த்தியது. கணுக்காலில் முறுக்கை ஒடித்தது போன்ற ஒரு சத்தம்.

பேனருக்கு வெளியே தேவராஜின் குரல் கேட்டது. "சார், இது கேமா, நெசமா?"

என் முனகலிலிருந்து அவருக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் நடந்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஸ்டெல்லா கூட்டத்தை விலக்கினாள், மாரிமுத்து காலை அசையவிடாமல் அட்டை வைத்துக் கட்டினார், ஸ்ட்ரெச்சர் வந்தது. நான் கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் என்மீதே பிழையில்லாமல் செய்தார்கள்.

அப்புறம் கேன்டீன் மொத்தமும் ஒரே நினைவாக மாலை போட்ட அந்த மிக்ஸியைத் திரும்பிப் பார்த்தது.

"சார்," ஸ்டெல்லா குனிந்தாள். "நாளைக்கு மட்டும் எப்டியாவது வந்துடுவீங்க இல்ல?"

"ஒரு தபா வந்து குந்திக்கினு போனா போதும் சார்," என்றார் தேவராஜ். "நானே ஃபோர்க்லிஃப்ட்ல தூக்கியாந்து..." பாதியில் நிறுத்திக்கொண்டார். ஃபோர்க்லிஃப்டில் ஆள் ஏற்றக் கூடாது என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

ப்ளாண்ட் ஹெட் என்னைப் பார்த்தார். அத்தனை முகங்களும் பார்த்தன. ஒரு கதாநாயகன் எழுந்து நிற்க வேண்டிய இடம் அதுதான். "கண்டிப்பா வரேன் சார்," என்று ஸ்ட்ரெச்சரிலிருந்து காலை ஊன்றி எழுந்தேன். நின்றதாகச் சாட்சிகள் சொல்கிறார்கள். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். டாக்டர் தகட்டையும் திருகாணிகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மனைவி அழுதாள். பாசம் என்று நினைத்தேன். "மிக்ஸி வருதேன்னு பழசத் தங்கச்சிக்குக் குடுத்துட்டேங்க," என்றாள். அந்த ஒரு வாரத்தில் ப்ளாண்ட்டின் பாதி வீடுகள் பழைய மிக்ஸியைத் தங்கச்சிக்கோ காயலான் கடைக்கோ கொடுத்திருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. நான் திரும்பி வேலைக்குப் போனபோது கேன்டீன் சுவரோரம் காலியாக இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. இட்லிக்குச் சட்னி இல்லாமல், இட்லிப்பொடி கொண்டுவந்து, என் எதிரில் உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிட்டார்கள். பல வாரங்கள் சாப்பிட்டார்கள்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் விபத்து நடந்தால் மற்றவர்களும் பாடம் கற்கட்டும் என்று படம் வரைந்து எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் அனுப்புவது வழக்கம். பெயர் போடமாட்டார்கள், அது ஒன்றுதான் கருணை. நானும் மறந்துவிட்டேன்.

பிறகு மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு கம்பெனியில் வேலை. காபி வந்தது. நான் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்துபோய் உட்கார்ந்தேன். பையன் என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.

"அங்கிள், ஒரகடத்துல... அந்தக் கயிறு... நீங்களா?"

அவன் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் முதல் நாள் என் கதையைத்தான் காட்டுகிறார்களாம். அவன் கைப்பேசியில் இருந்த படம் கைமாறிச் சுற்றியது. தொப்பி வைத்த ஒரு குச்சி மனிதன் கயிற்றோடு தரையை நோக்கி வந்துகொண்டிருந்தான். கீழே எழுதியிருந்தது: 'விளைவு: ஒருவருக்குக் கணுக்கால் முறிவு. அனைவருக்கும் மிக்ஸி இல்லை.'

என் மனைவி தரையைப் பார்த்தாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சம்பந்தம் போயிற்று என்று நான் முடிவு செய்தேன். மாப்பிள்ளையின் அம்மா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கைப்பேசியை மகனிடம் கொடுத்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு என்னிடம் சொன்னார்: "எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்குது. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம் சம்மந்தி. மிக்ஸி கூட நாங்களே வாங்கிக்கிறோம்."

கல்யாணம் நன்றாகவே நடந்தது. இப்போது என் வீட்டில் நான் எதையாவது வாங்கித் தருகிறேன் என்று பெருந்தன்மையாக வாயெடுத்தால் போதும், பேரப்பிள்ளை உட்பட எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: "வேணாம் சம்மந்தி, நாங்களே வாங்கிக்கிறோம்."